வண்ணப் பெட்டியும் முதல் வாக்கும்

எழுத்தறியாதார் எங்ஙனம் வாக்களிப்பது? 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் இவ்வினாவுக்கு நிறத்தால் விடை காணப்பெற்றது. டொனமூர் அரசியற்றிட்டம் 21 வயது நிரம்பிய ஆடவர், பெண்டிர் இருபாலார்க்கும் வாக்குரிமை ஈந்தது. இந்திய வம்சத்தவர் பலர் மட்டும் குடியிருப்பு நிபந்தனையால் விலக்குண்டனர். அதற்கு முன் நூற்றுக்கு ஏறக்குறைய நால்வரே வாக்காளர்.

வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு நிறப் பெட்டி. சீட்டைப் பெற்றவர் மறைவிடத்துட் தனியே புகுந்து, விரும்பிய நிறப் பெட்டியில் அதனை இடுவர். எழுதவேண்டுவதில்லை, எவர்க்கும் சொல்லவேண்டுவதுமில்லை. உடையார் முன் சால்வையை அரையிற் கட்டி நின்று பழகிய உழவரும் அம்மறைவிற் சிறிது நேரம் தமக்குத் தாமே அதிகாரியாயினர்.

யாழ்ப்பாணத்தவர்க்கோ அவ்வனுபவம் அவ்வாண்டு வாய்க்கவில்லை. பூரண சுயராச்சியம் வேண்டி யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் விடுத்த பகிஷ்கார அழைப்பால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு ஒன்றேனும் வரவில்லை. கொள்கை உயர்ந்ததே. ஆயினும், அன்றுதான் முதன்முதல் உரிமை பெற்ற கூலியாளரையும் பெண்டிரையும் அதுபற்றிக் கேட்டவர் எத்துணைப் பேர்? 1934இலேயே அவ்வாசனங்கள் நிரப்பப்பட்டன, பருத்தித்துறையிலிருந்து ஜீ. ஜீ. பொன்னம்பலம் சபை புகுந்தார்.