மெலெக்
ஆங்கிலத்தின் 'வார்ம் வெல்கம்' தமிழில் 'சூடான வரவேற்பு' ஆகும்போதெல்லாம் எனக்கு மனம் சுருங்குகிறது. நம்மிடம் சூடாகப் பேசினால் அது சண்டை. ஹங்கேரிய மொழிக்கு இந்தச் சிக்கல் இல்லை. 'வார்ம்' அங்கே 'மெலெக்'. மனமார்ந்த வரவேற்பும் மெலெக்தான். ஆங்கிலேயர் 'ஹாட் வாட்டர்' என்னும் குழாய்நீர்கூட அவர்களுக்கு மெலெக். சுடச்சுட இருந்தால்தான் 'ஃபொர்ரோ'. அது கொதித்தலைச் சொல்லும் வினையின் பிள்ளை. பயிர் வளர்க்கும் கண்ணாடிக் குடில் 'மெலெக்ஹாஸ்'. இன்று ஒருபால் ஈர்ப்புடையோரையும் மெலெக் என்பார்கள். எனக்கு மெலெக்கைவிட நெருக்கமான ஹங்கேரியச் சொல் 'ஹேவ்'. வெப்பம் என்பது அதன் பழம்பொருள். வெந்நீர் ஏரிக்குப் பேர்போன ஹேவீஸ் ஊரின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. பேச்சிலோ ஹேவ் என்றால் பெரும்பாலும் உள்ளத்தின் வேகம், ஆர்வம். நம் 'வெம்மை'யும் இப்படி நடந்த சொல்தான். தொல்காப்பிய உரியியல் அதற்கு விருப்பம் என்றே பொருள் சொல்கிறது, எவ்வளவு அழகு! அந்தப் பொருள் வழக்கிலிருந்து போய்விட்டதால், 'வெம்மையான வரவேற்பு' என்று எழுதினால் இன்றைய வாசகர் வெயிலைத்தான் நினைப்பார். 'வெதுவெதுப்பு' தண்ணீருக்கும் தாயின் மடிக்கும் பொருந்தும், மேடைக்குப் பொருந்தாது. வரவேற்புக்கு 'அன்பான' என்பதையே நான் எழுதுவேன்.