பெயரும் அலைவரிசையும்: இலங்கை வானொலி வர்த்தக சேவையின் பெயர்மாற்ற வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

தென்னாசியாவில் எல்லை கடந்து ஒலித்த முதன்மையான வணிக ஒலிபரப்பு இலங்கை வானொலியின் வர்த்தக சேவையாகும். அதனை நடத்திய நிறுவனம் 1949, 1967, 1972 ஆகிய ஆண்டுகளில் வெவ்வேறு பெயர்களைப் பெற்றது. பண்பலைக் காலத்தில் அதன் தமிழ் வர்த்தக சேவை 'தென்றல்' என அழைக்கப்படலாயிற்று. முதல் மூன்று பெயர்களும் அரசமைப்பு மாற்றங்களிலிருந்து பிறந்தவை என்பதையும், நான்காவது பெயரே வணிகப் போட்டியிலிருந்து பிறந்தது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நிறுவனம் யாரைத் தன் நேயராகக் கருதியது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: இலங்கை வானொலி, வர்த்தக சேவை, பெயர்மாற்றம், நேயர், பண்பலை.

முன்னுரை

தமிழகத்தில் இலங்கை வானொலி பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் நினைவுக் குறிப்புகளாகவே அமைந்துள்ளன. அறிவிப்பாளர்களின் குரல்வளம், திரைப்பாடல்களின் தேர்வு, நேயர் விருப்ப நிகழ்ச்சிகள் ஆகியன அவற்றில் மீண்டும் மீண்டும் பேசப்படுகின்றன. அந்நினைவுகள் மதிப்பு வாய்ந்தவை. எனினும் அவை நிறுவனத்தை மாறாத ஒன்றாகக் காட்டிவிடுகின்றன. உண்மையில் அந்நிறுவனத்தின் சட்ட வடிவம், பெயர், வருவாய் வழி ஆகிய மூன்றும் மாறிக்கொண்டே இருந்தன. இம்மூன்றும் ஒருங்கே மாறவில்லை என்பதே ஆய்வுக்குரிய செய்தியாகும்.

வர்த்தக சேவையின் தோற்றம்

கொழும்பில் 1925 டிசம்பர் 16 அன்று முறையான வானொலி ஒலிபரப்புத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்கு ஆசியாவில் போரிட்ட நேச நாட்டுப் படையினருக்காக 'ரேடியோ சீயாக்' என்னும் நிலையம் கொழும்பிலிருந்து இயங்கியது. அதன்பொருட்டு ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றல் கொண்ட சிற்றலைப் பரப்பி நிறுவப்பட்டது. விடுதலைக்குப் பின் 1949இல் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயரில் அரசுத் துறை ஒன்று உருவாகியபோது, போருக்காக எழுப்பப்பட்ட இவ்வாற்றல்மிக்க பரப்பியும் இலங்கை அரசின் கைக்கு வந்தது. சிறிய தீவு ஒன்றின் உள்நாட்டுத் தேவைக்கு மிஞ்சிய இக்கருவியே வணிக ஒலிபரப்பிற்கு அடித்தளமாயிற்று.

1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவை தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியரான கிளிஃபர்ட் டொட் அதன் முதல் பணிப்பாளராக விளங்கினார். அக்காலத்தில் அகில இந்திய வானொலி விளம்பரங்களை ஏற்கவில்லை. மேலும், 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையை அகில இந்திய வானொலியிலிருந்து பெருமளவு விலக்கினார். இதனால் இந்திய நேயரும் இந்திய விளம்பரதாரரும் ஒரே காலத்தில் கொழும்பை நாடினர். அவ்வாண்டிலேயே அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. தமிழில் எஸ். பி. மயில்வாகனம் வர்த்தக ஒலிபரப்பின் தனித்த பேச்சு முறையை உருவாக்கிய முன்னோடியாகத் திகழ்ந்தார்.

ஆகவே தொடக்கத்திலிருந்தே வர்த்தக சேவையின் சந்தை, அதனை நடத்திய அரசின் எல்லைக்கு வெளியேயும் பரந்திருந்தது. பின்னர் நிகழ்ந்த பெயர்மாற்றங்களைப் புரிந்துகொள்வதற்கு இம்முரண் அடிப்படையானது.

1967: இரு மாற்றங்கள்

1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அரசுத் துறையாக இருந்த ரேடியோ சிலோன், 1967 ஜனவரியில் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியது. துறைக்குரிய நிதிக் கட்டுப்பாடுகளிலிருந்து விலகி, தன் வருவாயைத் தானே கையாளும் வடிவத்தை இச்சட்டம் வழங்கியது. வணிக ஒலிபரப்பிற்கு ஏற்ற சட்ட வடிவம் இதுவேயாகும்.

அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள், அகில இந்திய வானொலியின் விவித் பாரதி பம்பாய், நாகபுரி, புணே ஆகிய நிலையங்களில் விளம்பரங்களை ஒலிபரப்பத் தொடங்கியது. 1957 அக்டோபரிலேயே விவித் பாரதி திரைப்பாடல்களுக்கு இடமளித்திருந்தது. பாடலுக்குப் பின் விளம்பரமும் இந்திய வானொலிக்குத் திரும்பியதும் கொழும்பின் தனியுரிமை முடிவுற்றது. வணிக நிறுவனமாக இயங்குவதற்கான சட்ட வடிவம் கிடைத்த ஆண்டிலேயே, அவ்வணிகத்தின் அயல்நாட்டு அடிப்படை தளரத் தொடங்கியது. இலங்கை வானொலியின் இந்தியச் செல்வாக்கு 1983இன் பின்னரே சரிந்தது எனக் கொள்வோர் இந்த முந்தைய திருப்பத்தையும் கருத வேண்டும்.

1972: மும்மொழிகளில் ஒரு பெயர்

1972 மே 22 அன்று நாடு குடியரசானபோது ஆங்கிலத்தில் 'சிலோன்' என்பது 'ஸ்ரீ லங்கா' ஆயிற்று. கூட்டுத்தாபனத்தின் ஆங்கிலப் பெயரும் அதற்கேற்ப மாறியது. கால் நூற்றாண்டளவு இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் அறிந்திருந்த 'ரேடியோ சிலோன்' என்னும் பெயரின் வணிக மதிப்பு இம்மாற்றத்தில் கருத்தில் கொள்ளப்பட்டதற்கான தடயமே இல்லை. அரசின் பெயர் மாறியது. ஆதலால் நிலையத்தின் பெயரும் மாறியது.

தமிழில் நிகழ்ந்தது வேறு. நாட்டின் தமிழ்ப் பெயர் 'இலங்கை' என்றே நீடித்தது; நிறுவனமும் 'இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்' என்றே வழங்கப்படுகிறது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேர்ந்த 'ஸ்ரீ' இத்தமிழ்ப் பெயரில் இல்லை. 1957 முதல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டதையும், அதனைத் தமிழர் எதிர்த்ததையும் அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு சிறிய செய்தியன்று. ஒரே நிறுவனம் தன் நேயருள் ஒரு பகுதியினருக்குப் புதிய பெயரையும், மற்றொரு பகுதியினருக்குப் பழைய பெயரையும் கொண்டதாயிற்று. தமிழ் நேயர் செவியில் தொடர்ச்சி குலையாமல் இருந்தமைக்கு அறிவிப்பாளர்களின் திறனோடு இப்பெயர்த் தொடர்ச்சியும் ஒரு காரணமாகும். தமிழகப் பேச்சு வழக்கிலோ 'சிலோன் ரேடியோ' என்னும் பழம்பெயர் சட்டத்தையும் கடந்து வாழ்ந்தது.

நிகழ்ச்சிப் பெயர்களும் விளம்பரதாரரும்

நிறுவனத்தின் பெயரை அரசு மாற்றியது. நிகழ்ச்சியின் பெயரை மாற்றும் ஆற்றல் விளம்பரதாரரிடம் இருந்தது. பற்பசையின் வணிகப் பெயர் மாறியபோது 'பினாகா கீத்மாலா' 'சிபாகா கீத்மாலா' ஆனது இதற்குத் தக்க சான்று. 1989இல் அந்நிகழ்ச்சி விவித் பாரதிக்கு இடம்பெயர்ந்தது. தமிழில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பிற்காலத்தில் தமிழகத் தொலைக்காட்சிக்கு வந்தது. நேயரின் பற்று நிலையத்தைக் காட்டிலும் நிகழ்ச்சியையும் குரலையும் சார்ந்திருந்ததால், அவை பெயர்ந்து சென்றபோது நேயரும் உடன் சென்றனர்.

பண்பலைக் காலம்

1979இல் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ரூபவாஹினி வந்தது. விளம்பரப் பணம் பிரிந்தது. 1998இல் சூரியன், சக்தி ஆகிய தனியார் தமிழ்ப் பண்பலை நிலையங்கள் தோன்றின. அவற்றின் பெயர்களில் நாட்டின் பெயரும் இல்லை. 'சேவை' என்னும் அரசுச் சொல்லும் இல்லை. எளிதில் நாவில் நிற்கும் ஒற்றைச் சொல்லே நிலையத்தின் அடையாளமாயிற்று. கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவை 'தென்றல்' என்னும் பெயரைக் கொண்டதை இப்பின்னணியிலேயே காண வேண்டும்.

இது முந்தைய மாற்றங்களிலிருந்து தன்மையால் வேறுபட்டது. அரசமைப்பு எதுவும் இதனைக் கோரவில்லை, போட்டி கோரியது. ஆனால் பண்பலை ஒலி தீவின் எல்லைக்குள் கேட்கப்படுவது. சிற்றலையில் எல்லை கடந்த நேயரைத் தேடிய சேவை, உள்நாட்டு நேயரைத் தக்கவைக்கவே 'தென்றல்' ஆயிற்று. நேயரை முன்னிறுத்திப் பெயர் சூட்டிய வேளையில், அந்நேயர் பரப்பு சுருங்கியிருந்தது.

முடிவுரை

வணிக ஒலிபரப்பின் பெயர்மாற்றத்தைச் சந்தை உத்தியாக மட்டும் காணும் போக்கு இலங்கை வரலாற்றிற்குப் பொருந்தாது. இங்கு வணிகம் செழித்த காலத்தில் அரசே பெயரிட்டது. வணிகம் நலிந்த காலத்தில் சந்தை பெயரிட்டது. இரண்டிற்கும் இடையே, தமிழ் நேயர் தாமே வழங்கிய 'இலங்கை வானொலி' என்னும் பெயர் எந்தச் சட்டத்தின் துணையுமின்றி நிலைபெற்றது. ஆகவே தமிழ் ஊடக வரலாற்றை எழுதுவோர் சட்டப் பெயர்களையும் நிகழ்ச்சிப் பெயர்களையும் நேயர் வழக்கையும் தனித்தனி அடுக்குகளாகப் பிரித்து ஆராய்வது இன்றியமையாதது. அவ்வாறு செய்தால், நினைவுக் குறிப்புகளில் ஒரே குரலாக ஒலிக்கும் அந்நிலையத்தின் உள்ளே இயங்கிய அரசு, வணிகம், நேயர் என்னும் மூன்று தரப்புகளையும் அடையாளம் காண இயலும்.