சிற்றுருவப் பெண்ணும் விங் சுன்னும்

உருவில் சிறிய பெண் எந்தச் சீனப் போர்க்கலையைக் கற்கலாம் என்று கேட்டால், பலரும் 'விங் சுன்' என்பர். அதன் பிறப்புக் கதையே காரணம். சோயாக் கட்டி விற்றவரின் மகள் இம் விங் சுன்னை முரடன் ஒருவன் மணக்க வற்புறுத்தினானாம். இங் முய் என்னும் பௌத்தத் துறவினி கற்பித்த கலையால் அவள் அவனை வீழ்த்தினாளாம்.

புரூஸ் லீயின் ஆசிரியர் இப் மான் (1893–1972) கூறிய கதை இது. ஆனால் அவ்விரு பெண்களும் வாழ்ந்தமைக்கு அக்காலச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. நமக்கு உறுதியாகத் தெரிபவர், 19ஆம் நூற்றாண்டில் ஃபோஷான் நகரில் வாழ்ந்த மூலிகை மருத்துவர் லியுங் ஜான். ஃபூஜியன் மாநிலத்து யோங்சுன் வட்டாரத்தின் வெண்கொக்குக் கலையையும் ஒரு பெண்ணே தோற்றுவித்ததாகச் சொல்கிறார்கள். மாண்டரின் மொழியில் 'விங் சுன்' என்பதன் ஒலிப்பும் 'யோங்சுன்'தான். எழுத்து மட்டும் வேறு. ஒரு கதை மற்றொன்றுக்கு இடம்பெயர்ந்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

கதை கிடக்கட்டும், கலையின் அமைப்பைப் பார்ப்போம். பாய்ந்துவரும் குத்தை இதில் நேருக்கு நேர் நிறுத்துவதில்லை; முன்கையால் பக்கவாட்டில் தள்ளுகிறார்கள். வேகமாக வரும் பந்தை நிறுத்தப் பெருவிசை வேண்டும். சற்றே திசைமாற்றச் சிறுவிசை போதும். முழங்கை உடலை ஒட்டியிருப்பதால் தோள்மூட்டில் திருப்புத்திறனும் குறைகிறது.

எனினும் உந்தம் என்பது நிறையையும் பொறுத்தது. 80 கிலோ மனிதன் கட்டிப்பிடித்துவிட்டால், 45 கிலோ பெண்ணுக்குத் திசைமாற்ற எதுவும் மிஞ்சாது. இருவர் கைகளை ஒட்டிவைத்துப் பழகும் 'சி சாவ்' பயிற்சியை அவள் தன் எடையுள்ள தோழியோடு மட்டும் செய்தால் இது தெரியவே தெரியாது.