அமைதியான வீதியை உண்டாக்கிய ஊர்

சைக்கிளுக்கு வழி ஒதுக்குவது என்றால் ஆள் நடமாட்டம் குறைந்த ஒழுங்கைகளைத் தேடிப் பிடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறோம். ஆனால் பெரிய வீதி நெரிசலானதும் ஓட்டோவும் வேனும் நுழைவது அதே ஒழுங்கைக்குள்தான். நெதர்லாந்தின் வடக்கே உள்ள குரோனிங்கன் நகரம் இதை எப்படித் தீர்த்தது என்பது படிக்க வேண்டிய வரலாறு. (எங்கள் கரைகளில் கோட்டை கட்டிய ஒல்லாந்தரின் நாடுதான்.)

இன்று அந்த நாடு சைக்கிளுக்குப் பேர் போனது. 1960களில் அங்கும் கார்தான் ராஜா. 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் சுமார் 3,300 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 400க்கும் அதிகமானோர் சிறு பிள்ளைகள். பெற்றோர் வீதிக்கு இறங்கினார்கள். "சிறுவர் கொலையை நிறுத்து" என்பதுதான் அவர்களுடைய இயக்கத்தின் பெயர். விபத்து என்று சொல்லவில்லை, கொலை என்றே சொன்னார்கள்.

குரோனிங்கனில் மக்ஸ் வான் டென் பேர்க் என்பவர் 24 வயதில் நகர நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். 1977 செப்டம்பரில் அவருடைய திட்டம் நடைமுறைக்கு வந்தது. நகர மையத்தை நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் காரில் நேரே போக முடியாது. வெளியே சுற்றுவீதிக்குப் போய்த்தான் மறுபடி உள்ளே வர வேண்டும். சைக்கிளில் போகிறவருக்கும் நடப்பவருக்கும் எந்தத் தடையும் இல்லை. கடைக்கு வரும் கார் வரலாம், ஊரை ஊடறுத்துக் குறுக்கு வழி தேடும் கார் வர முடியாது. அவ்வளவுதான் சூட்சுமம். பெரும்பாலும் ஒருவழிப் பலகைகளை வைத்தே, ஒரே இரவில் இதைச் செய்து முடித்தார்கள்.

வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். கார் வராவிட்டால் கடை படுத்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். கடைத்தெரு வருமானத்தில் வாழும் எங்களுக்கு அது நன்றாகவே விளங்கும். ஆனாலும் திட்டம் நின்றது, கடைத்தெருவும் நின்றது.

அதன் பிறகும் சண்டை ஓயவில்லை. பழைய கோட்டை அரண் இருந்த இடத்தில் நோர்டர்பிளான்ட்சூன் என்றொரு பூங்கா இருக்கிறது. அதன் ஊடாகக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதை மூடுவதா என்று 1994இல் ஊர் மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். மூட வேண்டும் என்ற தரப்பு வென்றது, அதுவும் பாதியைச் சற்றே தாண்டி, மயிரிழையில். இன்று அந்தப் பூங்கா வழியில் சைக்கிள்கள்தான் போகின்றன.