தேர்தலையே நிறுத்தலாம், கட்சியைத் தடை செய்ய முடியாது: தேர்தல் ஆணையத்தின் அதிகாரம் எதுவரை?

2019 மக்களவைத் தேர்தலில் வேலூர் தொகுதி வாக்காளர்களால் மட்டும் தமிழ்நாட்டின் மற்ற தொகுதிகளோடு சேர்ந்து ஓட்டுப் போட முடியவில்லை. பெருமளவு பணம் பிடிபட்டதால், வாக்குப்பதிவுக்கு 2 நாள் முன்பு தேர்தல் ரத்தானது. தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் உத்தரவிட்டார். ஆகஸ்ட் 5-ம் தேதிதான் அங்கே வாக்குப்பதிவு நடந்தது.

இவ்வளவு செய்ய முடிகிற ஆணையம், விதியை மீறும் கட்சியை ஏன் தடை செய்வதில்லை?

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

அரசியலமைப்பின் 324-வது பிரிவிலிருந்து. நாடாளுமன்றம், சட்டப்பேரவைகள், குடியரசுத் தலைவர், குடியரசு துணைத் தலைவர் தேர்தல்களை நடத்துவது ஆணையத்தின் பொறுப்பு. உங்கள் ஊர் பஞ்சாயத்துத் தேர்தல் இதில் வராது. அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை.

1977-ல் மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் எல்லைக்கோடு போட்டது. சட்டம் மௌனமாக இருக்கும் இடத்தில், நியாயமான தேர்தலுக்குத் தேவையானதை ஆணையமே செய்யலாம். சட்டம் இருக்கும் இடத்தில் அதன்படிதான் நடக்க வேண்டும்.

நடத்தை விதிகள் சட்டமா?

இல்லை. அது கட்சிகள் ஒப்புக்கொண்ட நெறிமுறை. ஆனாலும் ஆணையம் அதிகாரிகளை மாற்றலாம், பிரசாரத்துக்குத் தடை போடலாம். 2019 ஏப்ரலில் உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத்துக்கு 72 மணி நேரமும், மாயாவதிக்கு 48 மணி நேரமும் தடை விதித்தது.

எதைச் செய்ய முடியாது?

கட்சிகளைப் பதிவு செய்யும் அதிகாரத்தைத் தந்த சட்டம், விதிமீறலுக்காக அந்தப் பதிவை ரத்து செய்யும் அதிகாரத்தைத் தரவில்லை. மோசடி செய்து பதிவு பெற்றது போன்ற சில சூழல்களில்தான் ரத்து செய்யலாம் என 2002-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. அங்கீகாரம், சின்னம் விஷயம் வேறு. அவற்றில் ஆணையம் கைவைக்கலாம்.

முடிவு அறிவித்த பிறகு, 'அந்த வெற்றி செல்லாது' என்றும் ஆணையம் சொல்ல முடியாது. அதற்கு 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்கு போட வேண்டும்.

ஆணையத்திடம் ஆட்கள் இருக்கிறார்களா?

களத்தில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள்தான். மாவட்ட ஆட்சியர் முதல் வாக்குச்சாவடி ஆசிரியர் வரை, தேர்தல் பணியில் இருக்கும்வரை ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருப்பார்கள். தேர்தல் முடிந்ததும் அதே அரசிடம் திரும்ப வேண்டியவர்கள்.

ஆணையர்களை நியமிப்பது யார்?

சர்ச்சை இங்கேதான். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி சேர்ந்த குழு பரிந்துரைக்க வேண்டும், நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும் வரை இது தொடரும் என 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சட்டம், தலைமை நீதிபதியின் இடத்தில் பிரதமர் பரிந்துரைக்கும் மத்திய அமைச்சரை வைத்தது. அதாவது, மூன்றில் இரண்டு பேர் அரசுத் தரப்பு.

பதவிநீக்கத்திலும் வேறுபாடு உண்டு. தலைமைத் தேர்தல் ஆணையரை நீக்க, உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவதற்கான அதே நாடாளுமன்ற நடைமுறை வேண்டும். மற்ற இருவரையும் தலைமை ஆணையரின் பரிந்துரை இருந்தால் நீக்கிவிடலாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பணப் பட்டுவாடாவைப் பார்த்தால் சி-விஜில் செயலியில் படமோ வீடியோவோ எடுத்து அனுப்பலாம். 100 நிமிடங்களில் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்திருக்கும் இலக்கு. பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று 1950 என்ற எண்ணில் கேட்கலாம். பெயர் இல்லையென்றால் படிவம் 6. வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால் அந்தத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க முடியாது, அதனால் இப்போதே பார்த்துவிடுங்கள்.