நம் பையன் என்று சொல்ல எத்தனை நாள்: அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆள்சேர்ப்பின் வரலாறு

1990 மார்ச்சில் இண்டியானாபொலிஸ் நகரின் ஹூசியர் டோம் அரங்கில் ஒரு பள்ளிக்கூடக் கூடைப்பந்து இறுதியாட்டத்தைப் பார்க்க 41,046 பேர் திரண்டார்கள். இண்டியானா மாநிலப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டி அது. கூட்டத்தை இழுத்தது டேமன் பெய்லி என்ற ஒரு பையன். அவன் எட்டாம் வகுப்பில் படித்தபோதே இண்டியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாப் நைட் அவன் ஆட்டத்தைப் பார்க்கப் போயிருந்தார். ஜான் ஃபைன்ஸ்டீன் 1986இல் வெளியிட்ட நூலில் அது இடம்பெற்றதும் அவன் பெயர் மாநில எல்லையையும் தாண்டிப் பரவியது. அன்றைய இறுதியாட்டத்தில் பின்தங்கியிருந்த தன் அணியின் கடைசி 11 புள்ளிகளையும் அவனே எடுத்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தான். பிறகு 1994 வரை நான்கு ஆண்டுகள் இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு ஆடினான். 14 வயதில் கண்ணில் பட்ட பிள்ளையை அந்த ஊர்க்காரர்கள் 22 வயதில் வழியனுப்பினார்கள்.

எட்டாண்டுப் பழக்கம் அது. இன்றைய ரசிகருக்கு அது வாய்ப்பதில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் பருவம் முடிகிறது. அதையொட்டியே ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிக்குப் பெயர் கொடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோடை பிறக்கும்போது அணியில் பாதி புதுமுகம். கல்லூரிக் கூடைப்பந்தின் ஆள்சேர்ப்பைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் பணத்தையும் முறைகேட்டையுமே நடுவில் வைத்தார்கள். அவற்றைத் தவிர்த்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாதுதான். ஆனால் ரசிகர்கள் கூடிப் பேசியது எதைப் பற்றி என்று கவனித்தால் வேறோர் இழையும் பிடிபடுகிறது. ஓர் ஆட்டக்காரனை 'நம் பையன்' என்று உரிமை கொண்டாட அவர்களுக்கு எவ்வளவு காலம் கிடைத்தது என்பதே அது. அந்தக் காலம் எப்படி நீண்டது, எப்படிக் குறுகியது என்பதை ஆண்கள் அணிகளை வைத்து இங்கே பார்க்கிறேன். பெண்கள் கூடைப்பந்தின் கதை 1972ஆம் ஆண்டின் 'டைட்டில் நைன்' சட்டத்திலிருந்து தனியாகத் தொடங்க வேண்டியது.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மக்களுக்குச் சொந்த அணி என்றால் அது பல்கலைக்கழக அணிதான். கென்டக்கி மாநிலத்துக்குத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ.வில் அணியே கிடையாது. அங்கே பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்காத விவசாயியும் சுரங்கத் தொழிலாளியும் அதன் கூடைப்பந்து அணியைத் தங்கள் குடும்பச் சொத்தாக நினைக்கிறார்கள்.

பக்கத்துத் தெருவும் தூரத்து ஊரும்

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கினார். 1898இல் அவர் கன்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே அணியைத் தொடங்கினார். தொடக்க காலத்தில் கல்லூரிக்கு வந்த பையன்களிலிருந்துதான் அணி அமைந்தது. அணிக்காகப் பையன்களைத் தேடிப் போகும் வழக்கம் பின்னால் வந்தது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளை வைத்தே உச்சம் தொட்ட அணிக்கு நியூயார்க்கின் சிட்டி கல்லூரி நல்ல சான்று. கட்டணம் வாங்காத அந்தக் கல்லூரியின் யூத, கறுப்பின இளைஞர்கள் 1950இல் நாட்டின் இரு பெரும் போட்டிகளான என்.ஐ.டி., என்.சி.ஏ.ஏ. இரண்டையும் ஒரே பருவத்தில் வென்றார்கள். அடுத்த ஆண்டே சூதாடிகளிடம் பணம் வாங்கிப் புள்ளி வித்தியாசத்தைக் குறைத்த வழக்கில் அந்த அணி சிதைந்தது. கென்டக்கி ஆட்டக்காரர்களும் அதில் சிக்கினார்கள்; 1952-53 பருவம் முழுவதும் கென்டக்கி களமிறங்கவில்லை.

விளையாட்டுத் திறமைக்காக மட்டும் உதவித்தொகை கொடுக்கலாமா என்ற கேள்வியில், கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தடுமாறிக்கொண்டிருந்த காலம் அது. 1948இல் 'சானிட்டி கோட்' என்ற கடுமையான விதியைக் கொண்டுவந்து, மூன்றே ஆண்டில் கைவிட்டது. 1956இல் குடும்ப வருமானத்தைப் பார்க்காமல் ஆட்டத்துக்காகவே முழு உதவித்தொகை தரலாம் என்று முடிவானது. ஒரு பயிற்சியாளர் எந்த ஊருக்கும் போய் எந்த வீட்டின் வரவேற்பறையிலும் உட்கார்ந்து, பையனின் அம்மாவிடம் படிப்புச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வழி பிறந்தது.

தூரத்து ஊர்களில் ஆள்தேடியதன் பெரும் காட்சி 1957 இறுதியாட்டம். ஒரு பக்கம் கன்சஸ்; அதன் தூண் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து 1955இல் கொண்டுவரப்பட்ட வில்ட் சேம்பர்லின். மறுபக்கம் வட கரோலினா. பயிற்சியாளர் ஃபிராங்க் மக்குவயர் இறக்கிய ஐந்து பேரும் நியூயார்க் வட்டாரத்துக் கத்தோலிக்க, யூதப் பையன்கள். மூன்று கூடுதல் நேரங்களுக்குப் பிறகு வட கரோலினா 54–53 என வென்றது. புராட்டஸ்டண்ட் சபைகள் நிறைந்த ஒரு தென்மாநிலம், பேச்சு வழக்கும் வழிபாடும் வேறான ஐந்து பேரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. ரசிக உறவு பிறந்த ஊரைச் சார்ந்தது என்ற எண்ணம் அங்கேயே உடைந்துவிட்டதாக நான் கருதுகிறேன். ஊருக்குப் பதிலாகக் காலம் அந்த உறவின் அடித்தளமானது. எங்கிருந்து வந்தால் என்ன, நான்கு ஆண்டு நம்மோடு இருப்பான் அல்லவா?

ஆனால் அந்த அணைப்புக்கு நிறத்தில் ஓர் எல்லை இருந்தது. 1966 மார்ச் 19 அன்று டெக்சஸ் வெஸ்டர்ன் பயிற்சியாளர் டான் ஹாஸ்கின்ஸ் ஐந்து கறுப்பின ஆட்டக்காரர்களை முதலில் இறக்கி, முழுக்க வெள்ளையர்கள் ஆடிய கென்டக்கியை இறுதியாட்டத்தில் 72–65 என வீழ்த்தினார். கென்டக்கி இருந்த தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆடுகளத்தில் கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் முதன்மை அணிக்காக இறங்கியது 1967இல்தான். அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் பெரி வாலஸ். கென்டக்கியின் முதல் கறுப்பின ஆட்டக்காரர் டாம் பெயின் 1970-71 பருவத்தில்தான் ஆடினார். தன் மாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளை நம் பையன் என்று சொல்ல மறுத்த ஆண்டுகள் அவை. பழைய காலத்தின் ரசிக விசுவாசத்தைப் புகழ்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் புகழ முடியும்.

காத்திருப்பின் பொற்காலம்

1972 வரை முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட முடியாது. அவர்களுக்குத் தனி அணி இருந்தது. இந்த விதி ரசிகருக்கு ஒரு வகையில் வரமாக அமைந்தது. நியூயார்க்கின் பவர் மெமோரியல் பள்ளியிலிருந்து வந்த லூ அல்சிண்டர், பின்னாளின் கரீம் அப்துல் ஜப்பார், 1965இல் யு.சி.எல்.ஏ.வில் சேர்ந்தார். அந்த நவம்பரில் பாலி பெவிலியன் அரங்கைத் திறந்துவைத்தபோது முதலாண்டு அணியும் முதன்மை அணியும் மோதின. தொடர்ந்து இரண்டு முறை தேசியக் கோப்பையை வென்றிருந்த அணியை முதலாண்டுப் பையன்கள் 75–60 எனத் தோற்கடித்தார்கள்; அல்சிண்டர் 31 புள்ளிகள் எடுத்தார். அடுத்த ஆண்டு என்ன நடக்கப் போகிறது என்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் அன்றே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஓராண்டு காத்திருந்தார்கள். 1967 முதல் 1969 வரை மூன்று கோப்பைகள் வந்தன.

யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1966இல் ஹோவர்ட் கார்ஃபின்கெல் 'ஃபைவ்-ஸ்டார்' பயிற்சி முகாமைத் தொடங்கினார். பள்ளி ஆட்டக்காரர்களை மதிப்பிட்டு அவர் நடத்திய அறிக்கை கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குச் சந்தாவில் போனது. 1984இல் அதை ஏற்றுக்கொண்டவர் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த டாம் கொன்சால்ஸ்கி. அவர் கார் ஓட்ட மாட்டார். பேருந்திலும் ரயிலிலும் பள்ளி பள்ளியாகப் போவார். கணினி தொடாமல், தட்டச்சு இயந்திரத்தில் அடித்துத் தபாலில் அனுப்புவார். 2020 வரை அப்படியே செய்தார். ஒரு பையனின் எதிர்காலத்தை இரண்டு மூன்று வரியில் எடைபோட்ட அந்தத் தாள்கள் பயிற்சியாளர்களின் மேசையில் மட்டுமே கிடந்தன. கொன்சால்ஸ்கியின் காலத்திலேயே அந்தக் கதவு வேறு பக்கம் திறந்துகொண்டது. ரசிகர்களுக்கென்றே ஆள்சேர்ப்புச் செய்தி மடல்களும், நிமிடத்துக்குக் கட்டணம் பிடிக்கும் தொலைபேசிச் சேவைகளும் வந்தன. 1998இல் தொடங்கிய ரைவல்ஸ் போன்ற நிறுவனங்கள் ஒவ்வொரு பையனுக்கும் நட்சத்திரம் கொடுத்து வரிசைப்படுத்தின.

இந்த மாற்றம் ரசிகரின் பேச்சையே மாற்றியது. இந்தப் பையன் நன்றாக ஆடுவானா என்ற கேள்வியின் இடத்தில், நாட்டின் வரிசையில் அவன் எத்தனையாவது என்ற கேள்வி வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஓர் அணிக்கு உதவித்தொகை 13 என்று வரம்பு குறுகியது. ரசிகர்களும் பயிற்சியாளரைப் போலக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். யார் பட்டம் பெற்றுப் போகிறார், எத்தனை இடம் காலி, இரண்டு உயரமானவர்கள் போதுமா என்று ஆண்டு முழுவதும் பேச விஷயம் கிடைத்தது.

ஒரு பொதியும் நான்கு சட்டைகளும்

1988 வசந்தத்தில் கென்டக்கி அலுவலகத்திலிருந்து ஓர் ஆட்டக்காரரின் தந்தைக்கு அனுப்பப்பட்ட பொதி லாஸ் ஏஞ்சலிஸ் கிடங்கில் பிரிந்துபோய், உள்ளே 1,000 டாலர் ரொக்கம் தெரிந்தது. பணம் வைத்ததை அனுப்பியவர் மறுத்தார். ஆனால் விசாரணை அதோடு நிற்காமல் வேறு பல மீறல்களையும் தொட்டது. 1989இல் என்.சி.ஏ.ஏ. கென்டக்கிக்கு இரண்டு ஆண்டுகள் தேசியப் போட்டியில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. பயிற்சியாளர் பதவி விலகினார். நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பினார்கள்.

நான்கு பேர் கிளம்பவில்லை: ரிச்சி ஃபார்மர், ஜான் பெல்ஃப்ரி, டெரான் ஃபெல்ட்ஹாஸ், ஷான் உட்ஸ். முதல் மூவரும் கென்டக்கியின் சிற்றூர்களில் பிறந்தவர்கள், உட்ஸ் இண்டியானாபொலிஸ்காரர். பரிசே இல்லாத இரண்டு பருவங்களை ஆடி முடித்து, 1992இல் டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 104–103 என்ற கணக்கில், கடைசி நொடியில் கிறிஸ்டியன் லேட்னர் எறிந்த பந்தில் வீழ்ந்தார்கள். அவர்கள் கோப்பை எதையும் கொண்டுவரவில்லை. ஆனாலும் சில நாட்களில் நால்வரின் சட்டைகளும் கென்டக்கியின் ரப் அரங்கின் கூரையில் ஏற்றப்பட்டன. கோப்பை வென்றவர்கள் பலருக்குக் கிடைக்காத அந்த மரியாதை, கூட இருந்ததற்காக மட்டும் கொடுக்கப்பட்டது. ரசிகர்கள் மனதுக்குள் எதை அளந்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் நான்கு ஆண்டு என்ற அந்த ஒப்பந்தம் காகிதத்தில் இருந்ததா? 1973இலேயே என்.சி.ஏ.ஏ. உதவித்தொகையை ஓராண்டுக்கானதாக மாற்றிவிட்டது. புதுப்பிப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் கையில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு உறுதியளிக்கும் உதவித்தொகைக்கு 2012இல்தான் மீண்டும் வழி விட்டார்கள். பயிற்சியாளர் கூடுதல் சம்பளத்துக்காக மறுநாளே வேறு கல்லூரிக்குப் போகலாம். ஆட்டக்காரர் மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். நான்கு ஆண்டுகள் என்ற நம்பிக்கையின் பாரம் முழுவதையும் மாணவர்தான் சுமந்தார். இதை மறைத்துவிட்டு இன்றைய இளைஞர்களுக்கு விசுவாசமில்லை என்று பேசுவது அநீதி.

குறுகிய நாட்கள்

முதல் வெட்டு மேலேயிருந்து விழுந்தது. 1995இல் கெவின் கார்னெட் பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.வுக்குப் போன பிறகு பலர் அந்த வழியில் நடந்தார்கள். வட கரோலினாவுக்குக் கையெழுத்திட்ட ஜே.ஆர். ஸ்மித் 2004இல் கல்லூரிச் சட்டையைப் போடாமலே போய்விட்டார். 2005இல் என்.பி.ஏ. வயது வரம்பு கொண்டுவந்தது. பள்ளி முடித்து ஓராண்டு கழிய வேண்டும். 'ஒன் அண்ட் டன்' என்ற சொல் பிறந்தது. கென்டக்கியில் ஜான் காலிபாரி அதையே அணி அமைக்கும் முறையாக்கினார். 2012இல் கோப்பையை வென்ற அவருடைய அணியிலிருந்து ஆறு பேர் அந்த ஆண்டே என்.பி.ஏ.வுக்குத் தேர்வானார்கள், முதல் இரண்டு இடங்களும் முதலாண்டு மாணவர்களான ஆந்தனி டேவிஸுக்கும் மைக்கேல் கிட்-கில்கிறிஸ்டுக்கும் போயின. நால்வரின் சட்டையை ஏற்றிய அதே ஊர், ஒரு குளிர்காலம் மட்டுமே தங்கிய டேவிஸையும் மனதார நேசித்தது. உறவு செத்துவிடவில்லை, சுருங்கிய காலத்துக்குள் அடங்கக் கற்றுக்கொண்டது.

இரண்டாவது வெட்டு பக்கவாட்டில் விழுந்தது. 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' என்ற பதிவேடு தொடங்கியது. 2021இல் ஒருமுறை மாறினால் வெளியே உட்கார வேண்டாம் என்றானது. நீதிமன்றத் தடையைத் தொடர்ந்து 2024இல் எத்தனை முறையும் மாறலாம் என்றானது. 2021 ஜூலை 1 முதல் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம், யு.சி.எல்.ஏ.வின் முன்னாள் ஆட்டக்காரர் எட் ஓ'பேனன் 2009இல் தொடுத்த வழக்கு அதற்கு வழி திறந்த முன்னோடி. ரசிகர்கள் நிதி திரட்டி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் 'கலெக்டிவ்' அமைப்புகள் முளைத்தன. ஒரு காலத்தில் 1,000 டாலருக்காக ஒரு மாநிலமே தலைகுனிந்தது. இப்போது அதைவிடப் பல மடங்கு பணம் பகிரங்கமாகத் திரள்கிறது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட 'ஹவுஸ்' வழக்கு உடன்பாட்டின்படி அதில் சேரும் ஒவ்வொரு கல்லூரியும் 2025-26 ஆண்டில் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்றானது. 13 என்ற உதவித்தொகை வரம்பும் 15 பேர் கொண்ட அணியாக மாறியது.

இதன் வலி சிறிய கல்லூரிகளில்தான் அதிகம். 2022இல் ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ், 15ஆம் தரவரிசையில் இருந்து கென்டக்கியை வீழ்த்தி, அதுவரை அந்தத் தரவரிசையில் எவரும் எட்டாத கடைசி எட்டு அணிகளுக்குள் வந்தது. சில வாரங்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முக்கிய ஆட்டக்காரர்களும் ஆளுக்கொரு திசையில் கலைந்தார்கள். அடுத்த நவம்பரில் அந்தச் சிறு அரங்குக்கு வந்தவர்களுக்கு மார்ச்சில் கைதட்டிய முகங்களில் பல இல்லை.

2025 வசந்தத்தில் இடமாற்றத்துக்குப் பெயர் கொடுக்க 30 நாள் இருந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பையனைத் தொடர்ந்த ஊர்க்காரர்களின் பேரப்பிள்ளைகள், முந்தின நாள் வரை எதிரணியில் ஆடியவனின் எறியும் சதவீதத்தையும், பலவீனமான கூட்டமைப்பில் எடுத்த புள்ளி வலுவான கூட்டமைப்பில் எவ்வளவு பெறும் என்பதையும் அலசுகிறார்கள். அது ஆழமில்லாத பேச்சு அல்ல. ஆட்டத்தின் நுணுக்கம் அவர்களுக்குத் தாத்தாக்களைவிட நன்றாகவே தெரியும். பையனைத்தான் தெரியாது.

அந்த ஏப்ரல் 7 அன்று சான் அன்டோனியோவில் நடந்த தேசிய இறுதியாட்டத்தில் ஃபுளோரிடா 65–63 என ஹூஸ்டனை வென்றது. முதலில் இறங்கிய ஐவரில் நால்வர் வேறு கல்லூரியில் தொடங்கியவர்கள். அவர்களில் வால்டர் கிளேட்டன் ஃபுளோரிடா மாநிலத்தின் லேக் வேல்ஸ் ஊர்க்காரர். வடக்கே நியூயார்க்கின் அயோனாவில் இரண்டு ஆண்டு ஆடி, 2023இல் இடமாற்றத்தின் வழியாகவே சொந்த மாநிலத்துக்குத் திரும்பியவர். அரையிறுதியில் 34 புள்ளிகள் எடுத்த அவருக்கு இறுதியாட்டத்தின் முதல் பாதியில் ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. கடைசி நொடிகளில் ஹூஸ்டனின் இமானுவேல் ஷார்ப் எறிவதற்காக எழும்பியபோது கிளேட்டன் பாய்ந்து வந்து மறித்தார். ஷார்ப் பந்தைக் கைவிட்டார். தொட்டால் விதிமீறல் என்பதால் மீண்டும் எடுக்க முடியவில்லை. தரையில் பந்து துள்ளிக்கொண்டிருக்க நேரம் முடிந்தது. இரண்டே ஆண்டாகத் தெரிந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, ஃபுளோரிடா பல்கலைக்கழகம் இருக்கும் கெய்ன்ஸ்வில் நகரம் தெருவில் இறங்கியது.