முதல் கேமரா: ஒரு படம் வீணானால் எவ்வளவு நட்டம்?

2000களின் நடுவில் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கரிசல் காட்டு ஊர்களுக்கு டிஜிட்டல் கேமரா பெரும்பாலும் வெளிநாட்டுப் பெட்டிக்குள்தான் வந்து இறங்கியது. சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் மாமா லீவில் வருவார். கோடாரித் தைலம், சோப்பு, சாக்லேட், ஒரு டார்ச் லைட்... அவற்றுக்கு நடுவில் துணி சுற்றிய சின்ன அட்டைப்பெட்டி. எம்.ரெட்டியபட்டி மாதிரி ஓர் ஊரில் அதைப் பிரித்ததும் தெருவே கூடிக் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எத்தனை மெகாபிக்ஸல்?"

அந்தக் காலத்துக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் பழகாத கைக்குக் கேமரா பரிசளிப்பது நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம். அந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று தெரியும். இந்தக் கேமராவில் ஒரு படம் வீணானால் எவ்வளவு நட்டம்? முதல் கேமராவின் கதை முழுவதும் இந்த நட்டக் கணக்கின் கதைதான்.

உள்ளூரிலிருந்தே ஆரம்பிக்கலாம். இன்று உலகம் முழுக்கப் பூஜையறைகளில் இருக்கும் முகம் ரமண மகரிஷியுடையது. அவர் 1879இல் திருச்சுழியில் வேங்கடராமனாகப் பிறந்தவர். 1896இல் மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பிப் போனார். இன்று நாம் பார்க்கும் அவருடைய படங்கள் எல்லாமே அதற்குப் பிந்தியவை. 1946இல் வெல்லிங் என்ற புகைப்படக்காரர் எடுத்த மார்பளவுப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. திருச்சுழித் தெருவில் விளையாடிய பையனின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் கிடையாது. அன்றைக்குப் படம் எடுப்பது என்றால் கண்ணாடித் தட்டு, ரசாயனம், முக்காலி, அதற்கென்று தொழில் கற்ற ஆள், அவருக்குக் கூலி கொடுக்கும் வசதி எல்லாம் வேண்டும். சின்னப் பையன் முகத்துக்கு யார் அவ்வளவு செலவு செய்வார்கள்?

இதே காலத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1888இல் அவர் விற்ற முதல் கோடக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருள் ஏற்கெனவே போட்டிருக்கும். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டர் நகருக்கு அனுப்ப வேண்டும். 10 டாலர் வாங்கிக்கொண்டு படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இருட்டறை வேலை தெரியாதவர்களும் படம் எடுக்க முடிந்தது. ஆனால் 25 டாலர் அன்றைக்குச் சின்னப் பணம் அல்ல.

1900 பிப்ரவரியில் வந்தது பிரவுனி. ஃபிராங்க் பிரவுனெல் வடிவமைத்த அட்டைப்பெட்டிக் கேமரா. விலை 1 டாலர். ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். பால்மர் காக்ஸ் என்பவர் வரைந்த குட்டிச்சாத்தான் பாத்திரங்களுக்குப் 'பிரவுனி' என்று பெயர். அன்றைய குழந்தைகளுக்கு அவை அத்துப்படி. அந்தப் பெயரையே வைத்து, அந்தப் படங்களையே பெட்டியில் போட்டு, குழந்தைகளைக் குறிவைத்தே விற்றார்கள். திருப்ப ஒரு குமிழ், தள்ள ஒரு விசை. ஃபோகஸ், வெளிச்ச அளவு என்று எதையும் மாற்ற வேண்டியதில்லை. முதல் வருடத்திலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது.

ஈஸ்ட்மேன் கேமராவை மலிவாக்கியது தர்ம சிந்தனையால் மட்டும் அல்ல. கேமரா ஒருமுறைதான் விற்கும். ஃபிலிம் ஆயுள் முழுக்க விற்கும்! இது அப்பட்டமாகத் தெரிந்த வருடம் 1930. கோடக்கின் பொன்விழா என்று சொல்லி, அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்த வருடம் 12 வயது நிரம்பும் பிள்ளைகளுக்குச் சுமார் 5 லட்சம் கேமராக்களை இலவசமாகக் கொடுத்தார்கள். கூடவே ஒரு ரோல் ஃபிலிமும். பொருளாதார நெருக்கடி தொடங்கிவிட்ட வருடம் அது. கடைக்குப் போய் வரிசையில் நின்று வாங்கி வந்த பிள்ளைக்கு முதல் ரோல் தீரும் வரை சந்தோஷம். இரண்டாவது ரோலுக்கு அப்பாவிடம் கை நீட்ட வேண்டும். கேமரா பரிசளிப்பதில் உள்ள சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கொடுப்பவருக்கு ஒருநாள் செலவு, வாங்கியவருக்கு மாதாமாதம் செலவு.

பரிசு பலித்த கதையும் உண்டு. 1916இல் 14 வயது ஆன்சல் ஆடம்ஸ் பெற்றோருடன் யோசெமிட்டி மலைப் பள்ளத்தாக்குக்குப் போனபோது, கையில் ஒரு பிரவுனியைக் கொடுத்தார்கள். அந்தப் பையன் பிற்காலத்தில் அதே பள்ளத்தாக்கை எடுத்த படங்களால் உலகப் புகழ் பெற்றார். இதைச் சொல்லிக் கேமரா விற்பவர்கள் சொல்லாமல் விடுவது, அவர் வீட்டில் அடுத்த ரோல் வாங்க வசதி இருந்தது என்பதை.

சரி, நம்மூருக்கு வருவோம். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வெளிநாட்டுக் கேமரா வேண்டுமென்றால் சொந்தக்காரர் யாராவது கொண்டுவர வேண்டும், இல்லையென்றால் சென்னை பர்மா பஜாரில் தேட வேண்டும். நடுத்தரக் குடும்பங்களின் முதல் கேமராவாகப் பல வீடுகளில் இருந்தது ஆக்ஃபா க்ளிக் III. பரோடாவில் தயாரான பெட்டிக் கேமரா. 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள் விழும். சூரியன் படம் போட்ட பக்கம் தள்ளினால் வெயிலுக்கு, மேகம் பக்கம் தள்ளினால் மப்புக்கு. எழுத்துத் தெரியாதவர்கூடப் பயன்படுத்தலாம். கரிசல் காட்டில் மேகத்தின் பக்கம் தள்ளுகிற நாள் வருடத்தில் எத்தனை என்பது வேறு விஷயம் :)

ஃபிலிமுக்கும் ஒரு தமிழ்நாட்டுக் கதை உண்டு. 1960இல் மத்திய அரசு ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. தூசியில்லாத காற்றும் குளிரும் நல்ல தண்ணீரும் ஃபிலிம் செய்ய வேண்டும் என்பதால் மலை ஊர். 1967இல் உற்பத்தி ஆரம்பமானது. 'இந்து' (வடமொழியில் நிலா) என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ரோலும் எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து நாடு முழுக்கப் போயின. கலர் பரவியதும் தடுமாறிய அந்த ஆலையை டிஜிட்டல் அலை முடித்துவைத்தது.

1980களில் ஃபோட்டோஃபோன் நிறுவனத்தின் ஹாட் ஷாட், 1990களில் கோடக் கேபி 10. இரண்டுமே குறிபார்த்து அமுக்கினால் போதும் என்ற ரகம். ஆனால் வீட்டில் கேமரா இருந்தாலும் பிள்ளைகள் கையில் தரமாட்டார்கள். 36 படம் உள்ள ரோல் தீபாவளிக்குப் போட்டால் பங்குனிப் பொங்கல் வரை ஓடியது. பாட்டிக்கு ஒன்று, புது மாப்பிள்ளைக்கு இரண்டு என்று எண்ணி எண்ணி எடுத்தார்கள். ரோல் விலை, கழுவும் கூலி, பிரிண்ட் கூலி எல்லாம் கட்டி, ஸ்டுடியோவிலிருந்து கவர் வந்து பிரித்த பிறகுதான் யார் கண்ணை மூடிக்கொண்டார் என்று தெரியும். படத்தில் தலை வெட்டுப்பட்டால் திட்டு வாங்குவது எடுத்த பிள்ளை. அதற்குப் பயந்தே கேமராவைத் தொடாமல் வளர்ந்தவர்கள் ஏராளம். ஃபிலிம் காலத்தின் பெரிய குறை இதுதான் என்று சொல்ல வேண்டும். "அந்தக் கால ஃபிலிம் போல வருமா" என்று பெருமூச்சு விடுபவர்கள் இந்தப் பயத்தை மறந்துவிடுகிறார்கள்.

நட்டக் கணக்கை உடைத்த கருவி கோடக்கின் சொந்த வீட்டிலேயே பிறந்ததுதான் வேடிக்கை. 1975இல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் சுமார் 3.6 கிலோ எடையில் ஒரு பெட்டியை உருவாக்கினார். நீளவாக்கில் 100, அகலவாக்கில் 100 என்று மொத்தம் 10,000 புள்ளிகள், அதாவது 0.01 மெகாபிக்ஸல். கறுப்பு வெள்ளைப் படம் கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆனது. ஃபிலிம் விற்றுப் பிழைத்த நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவர அவசரப்படவில்லை.

சாதாரண ஆட்களுக்கு மாற்றம் புரிந்தது 1995இல் கேசியோ கியூவி-10 வந்தபோது. விலை 65,000 யென். படத்தின் அளவு வெறும் 320க்கு 240 புள்ளி. தரம் என்று பார்த்தால் க்ளிக் III பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால் பின்பக்கம் 1.8 அங்குலத் திரை இருந்தது! எடுத்த நொடியே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம், மறுபடி எடுக்கலாம். படம் பழகுபவருக்கு இந்தத் திரைதான் வாத்தியார். தப்புக்கும் அதைத் திருத்துவதற்கும் நடுவில் இருந்த ஐந்து மாதம் ஒரு விநாடியாகச் சுருங்கியது. போதாததற்கு ஷட்டர் வேகம் என்ன, ஃபிளாஷ் அடித்ததா இல்லையா என்பதெல்லாம் ஒவ்வொரு படக் கோப்பிலும் தானே பதிந்துகொள்ளும் பழக்கமும் டிஜிட்டலோடு வந்தது. முன்பு அதற்கு நோட்டுப் போட்டு எழுத வேண்டும்.

பத்து வருடத்தில் இந்தக் கருவிகள் கிராமத்துக்கு வந்துவிட்டன. நட்டம் ஒழிந்ததா? இடம் மாறியது. முதலாவது பேட்டரி. கேனன் பவர்ஷாட் ஏ வரிசையில் பல மாடல்கள் சாதாரண ஏஏ பேட்டரியில் ஓடின. மெலிதான, பளபளப்பான கேமராக்களுக்கு அந்தந்தக் கம்பெனியின் தனி பேட்டரி, தனி சார்ஜர். 2008 முதல் சில வருடங்கள் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டு நினைவிருக்கும். கரன்ட் இல்லாத திருவிழா இரவில், பெட்டிக்கடையில் கிடைக்கும் பேட்டரி போட்டு ஓடும் 'குண்டு' கேமராதான் ஜெயித்தது. (பெட்டிக்கடை பேட்டரி சில படங்களிலேயே தீர்ந்துவிடும், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் ரக ஏஏ நான்கு வாங்கிக் கொடுத்த மாமா புத்திசாலி.)

இரண்டாவது கம்ப்யூட்டர். படங்களை இறக்கி வைக்க வழியில்லாத வீட்டில் மெமரி கார்டு நிறைந்ததும் பிரவுசிங் சென்டருக்குப் போய் சிடியில் எழுத வேண்டும். கைதவறி அழிந்த திருமண ஆல்பங்களும் உண்டு. 2011இல் மாணவர்களுக்கு அரசின் இலவச மடிக்கணினி வரத் தொடங்கிய பிறகுதான் பல வீடுகளில் அந்தக் கேமரா முழுக் கேமரா ஆனது.

அந்தப் புகழ்பெற்ற மெகாபிக்ஸல்? ஸ்டுடியோவில் போடும் 6க்கு 4 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்குப் போட்டால் 1800க்கு 1200. சுமார் 22 லட்சம் புள்ளி, அதாவது 2 மெகாபிக்ஸலும் கொஞ்சமும் போதும். அதைவிடச் சின்ன சென்சாருக்குள் 10, 12 என்று திணித்ததால் ஓட்டுவீட்டு மங்கல் வெளிச்சத்தில் படம் புள்ளிபுள்ளியாகத்தான் வந்தது. 'டிஜிட்டல் ஜூம்' என்பதும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. லென்ஸ் நகரும் ஜூம்தான் ஜூம். ஒருவருக்கு வாங்கித் தருபவர் இன்றும் பார்க்க வேண்டியது இவைதான். மேலும், கொடுக்கும்போதே கார்டையும் மாற்று பேட்டரியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1930இன் இரண்டாவது ரோல் அது.

2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்குப் போயின. ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டமைப்பு தரும் கணக்கு அது. 2023இல் 80 லட்சத்துக்கும் குறைவு. நடுவில் செல்போன் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு போட்டது. அடுத்த மாதமே டிஜிட்டல் கேமரா தயாரிப்பை விட்டது. இன்று முதல் கேமரா என்றால் அப்பாவின் பழைய போன்தான்.

ஆனாலும் தனியாக ஒரு கேமராவைக் கையில் கொடுப்பதற்கு அர்த்தம் போகவில்லை. அதற்கு அருப்புக்கோட்டையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள மதுரையிலேயே சாட்சி உண்டு. மதுரைக்குப் பக்கத்து ஜவஹர்லால்புரத்தைச் சேர்ந்த எம். பழனிகுமாரின் அம்மா மீன் விற்பவர். மகனின் முதல் கேமராவுக்காக அவர் கடன் வாங்கினார். அந்த மகன் மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்களையும் அதில் இறந்தவர்களின் குடும்பங்களையும் எடுத்தார். 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். 2022இல் தயாநிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றவர் அவர்தான். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்குப் புகைப்படம் சொல்லித் தருகிறார். பிள்ளைகள் தங்கள் தெருவை, தங்கள் அம்மாவை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கோணலாக எடுத்ததையும் சேர்த்துத்தான்.